துளிர்விட்ட முருங்கைக் கிளை

நம் வீதி அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

பாரிஸ் திரும்பிப் பதினோரு நாளாகிறது. ஒரு மாதம் உங்களோடு இருந்தேன். எல்லார் வீட்டிலும் சாப்பிட்டேன். இதையெல்லாம் அங்கேயே, திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சோறு போட்டவர்களிடம் குறை சொல்ல வாய் வரவில்லை. இங்கே வந்தபின் தூக்கம் வரவில்லை.

மூலைவீட்டுக்கு எதிரே வாய்க்கால் சிலாப் உடைந்திருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். நான் வந்த அன்றே அந்தக் குழியில் ஒரு முருங்கைக் கிளை நட்டிருந்தது, நுனியில் சிவப்புத் துணி. இருட்டில் யாரும் காலை விட்டுவிடக் கூடாதே என்று நம்மில் ஒருவர் செய்த காரியம். துணி வெளுத்ததும் இன்னொருவர் புதுத் துணி கட்டினார், பார்த்தேன். நான் கிளம்பிய காலையில் அந்தக் கிளை துளிர்விட்டிருந்தது.

அந்தத் துளிர் கண்ணை விட்டுப் போகவில்லை. வெட்டி நட்ட கிளை பிழைத்துத் தழைக்கிற அளவுக்கு நாள் ஓடியிருக்கிறது. ஒரு மனு எழுதிப் போடவில்லை. கேட்டேன். “யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?” என்றீர்கள்.

நியாயமான கேள்விதான். நம் புதுச்சேரியில் 1968க்கு அப்புறம் 38 ஆண்டு கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, அதோடு சரி. 2014 மழையில் நம் நகராட்சியின் மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது போனில் எத்தனை பேர் என்னிடம் அழுதீர்கள்! அதே சாயலில் கட்டி 2021இல் திறந்தும் விட்டார்கள். அங்கே போய் நம் குழியைப் பற்றிப் பேச நாம் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர் இல்லை. 2011இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கவுன்சிலர் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படி ஒருவர் வரும்வரை அந்த வேலையை நாமே கற்றுக்கொண்டால் என்ன?

இங்கே வந்த புதிதில் ரொட்டிக் கடையில் வாய் திறக்கக் கூசியவள் நான். 80,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் பேட்டைக்குப் பேட்டை குடியிருப்போர் மன்றம் வேண்டும் என்று பிரான்சில் 2002இல் சட்டம் போட்டார்கள். எங்கள் ஊர் மன்றத்துக்குப் பக்கத்து வீட்டு அல்ஜீரிய அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். வீதியை நடந்து பார்த்து அளக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு டேப், ஒரு நோட்டு, முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவர், அவ்வளவுதான். பெரியவரின் நடைக்குத்தான் எல்லாரும் நடக்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நின்று, ஏன் நின்றார் என்று எழுத வேண்டும். நகராட்சிப் பொறியாளரிடம் தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் “இந்த விளிம்பு 22 சென்டிமீட்டர்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நாலே மாதத்தில் சரிவு போட்டார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது.

இன்னும் 500 வீதிகளை நடப்பவர்களுக்கு விடலாமா என்று 2025 மார்ச்சில் பாரிஸ் நகரம் வாக்கெடுப்பு வைத்தது. (நான் குடியிருப்பது நகர எல்லைக்கு வெளியே, எனக்கு ஓட்டில்லை.) ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். மெனக்கெட்டு வந்த அந்தக் கொஞ்சம் பேரின் சொல் நின்றது.

நமக்கும் சட்டம் உண்டு. நடைபாதை கேட்பது வாழும் உரிமையில் அடங்கும், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு அதைக் காக்கிறது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இலேயே எழுதி வைத்திருக்கிறது. வண்டி ஏற்றுகிற சரிவும் நிறுத்திய பைக்குகளும் போக, நம் வீதியில் மிச்சம் இருப்பது இரண்டு சாண். அம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு பீச்சுக்கு நடந்தே போனவர். வண்டியெல்லாம் நிறுத்திவிடுவார்கள் என்று அந்த நேரம் பார்த்துக் கிளம்புவார். இப்போது அங்கே நடப்பதற்காக வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிறார்.

நம் தாத்தாக்கள் சொந்தக் காசில் மரத்தூண் நட்டு, ஓடு வேய்ந்து, முகம் தெரியாத வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்தார்கள். அதற்குத்தான் தாழ்வாரம் என்று பெயர். வைசியாள் வீதியில் 2002 முதல் 2004 வரை வேலை செய்து அப்படிப்பட்ட தாழ்வார முகப்புகளை மீட்டார்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தைக் கம்பிக்கதவு போட்டு அடைத்துக் கடைக்கு வாடகைக்கு விட்டது நான். 2009இல், இங்கிருந்து போனில் சொல்லி. அம்மா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

விட்டுவிட்டுப் போனவள் எதற்குப் பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். அப்பா போனபோது மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அம்மாவைக் கைபிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவது நீங்கள், நானில்லை. அந்தக் கடன் தீராது. குழியில் கிளை நட்ட கை யாருடையதோ, அந்தக் கையை நான் கும்பிட வேண்டும். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அதே கையில் பேனாவும் பிடியுங்கள். ரிட்டயரான டீச்சர் அக்கா எழுதட்டும். இஸ்திரிக் கடைத் தம்பி போட்டோ எடுக்கட்டும். வீதி நகராட்சியுடையதா பொதுப்பணித் துறையுடையதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வரவேண்டாம். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் பழகினால் அடுத்த வீதிக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கலாம்.

பொங்கலுக்கு வருகிறேன், நம் வீதியை நடந்து அளப்போம். ஞாயிறு வேண்டாம், சந்தை கூடிவிடும். பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, காலை ஆறரைக்கு வாருங்கள். அம்மாதான் முன்னால் நடப்பார். எங்கள் கம்பிக்கதவிலிருந்து அளக்கத் தொடங்குவோம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், தை முடிவதற்குள் காலி செய்து தருகிறார்.

உங்கள் வீதிப் பெண்