கோட்டையை இடித்த வணிகர்கள்

போலந்து எழுத்தாளர் சியென்கியவிச்சின் 'சிலுவை வீரர்கள்' (1900) நாவலை வாசித்தவர்களுக்கு டியூட்டானிக் சங்கத்தின் வீழ்ச்சி என்றதும் 1410ஆம் ஆண்டின் கிரன்வால்ட் போர்க்களமே நினைவில் எழும். மத்தெய்கோவின் பிரம்மாண்டமான ஓவியமும் (1878) அதையே கண்முன் நிறுத்துகிறது. வெள்ளை அங்கியணிந்த துறவி வீரர்கள் மடிந்தனர், கதை முடிந்தது என்ற அந்தச் சித்திரத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

அப்போரில் சங்கத்தின் தலைவரே மடிந்தார் என்பது உண்மை. ஆயினும் தலைமைக் கோட்டையான மரியன்பர்க்கைப் போலந்து மன்னரால் பிடிக்க முடியவில்லை. 1411இன் உடன்படிக்கையில் சங்கம் இழந்த நிலமும் சொற்பமே. அதை உண்மையில் வீழ்த்தியவை அது தானே உருவாக்கி வளர்த்த நகரங்கள்.

புரூசியப் பழங்குடிகளை அடக்கவென்று 1226 வாக்கில் மசோவியாவின் கோமகன் கொன்ராட் இச்சங்கத்தை அழைத்தார். வந்தவர்கள் வாளோடு சாசனத்தையும் கொண்டுவந்தனர். கூல்ம், தோருன் நகரங்களுக்கு 1233இல் அளித்த சாசனம், ஆண்டுதோறும் தம் நீதிபதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடிகளுக்கு வழங்கியது. குடியேறிகளை ஈர்க்க அது தேவைப்பட்டது. துறவிகளும் வணிகத்தில் இறங்கியபோதுதான் சிக்கல் முற்றியது. தானியம் விற்றார்கள், அம்பர் வணிகத்தைத் தம் ஏகபோகமாக வைத்துக்கொண்டார்கள். ஆள்பவனே போட்டிக் கடைக்காரனாகவும் இருந்தால் நகரத்தார் எத்தனை காலம் பொறுப்பர்? தோல்விக்குப் பின் வரிச்சுமையும் சேர்ந்தது. முரண்டுபிடித்த டான்சிக் நகரின் மேயர் லெட்ஸ்காவ் 1411இல் சங்கத்தின் கோட்டைக்குள் கொல்லப்பட்டார். போர்க்களத்து மரணங்களைவிட இந்தக் கொலையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1440இல் நகரங்களும் நிலவுடைமையாளர்களும் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். 1454இல் கிளர்ந்தெழுந்து, போலந்து மன்னர் நான்காம் காசிமிரைத் தம் அரசராக ஏற்றனர். தோருன் மக்கள் தம் ஊரிலிருந்த சங்கத்தின் கோட்டையை இடித்தார்கள். (அதன் கழிப்பறைக் கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள் என்று எண்ணிக்கொள்ளவே எனக்கு விருப்பம்.)

மன்னர் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று நண்பர்கள் கேட்கலாம். அவருடைய படை அதே ஆண்டு கோனிட்ஸில் படுதோல்வி அடைந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுப் போரை நடத்தியது பெரிதும் பணம்தான். கூலிப்படைக்குச் சம்பளம் தர இயலாத சங்கம் தன் கோட்டைகளை அவர்களிடமே அடகு வைத்தது. போரில் வீழாத மரியன்பர்க்கை 1457இல் அந்தக் கூலிப்படையினர் 1,90,000 பொற்காசுக்கு மன்னரிடம் விற்றனர். தொகையில் பெரும்பங்கைத் திரட்டித் தந்தவை டான்சிக் முதலான நகரங்கள். தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொள்ளும் உரிமையை அதே ஆண்டில் டான்சிக் மன்னரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டது.