மார்க்குக்கு ஏற்ற நாய்

அமெரிக்காவில் பீகிள் நாய்களை வைத்து முயல் துரத்தும் போட்டி 1890-லிருந்து நடக்கிறது. முயலைப் பிடிப்பதல்ல போட்டி. முயல் போன தடத்தை மோப்பம் பிடித்து எந்த நாய் சரியாகத் தொடர்கிறது என்பதுதான். தடமே இல்லாமல் குரைத்தால் குறை. தடம் அறுந்த இடத்தில் தேடாமல் ஓடிவிட்டாலும் குறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் நாய்களை ஜோடி ஜோடியாக விடும் 'பிரேஸ்' போட்டியில் தடம் பிசகாமல் போவதையே பெரிதாகப் பார்த்தார்கள். ஜெயித்த நாயிடம்தானே குட்டி எடுப்பார்கள்! சில தலைமுறையில் பீகிள்கள் ஆமையாய் ஊர ஆரம்பித்தன. வேட்டைக்கு உதவாது என்று வெறுத்துப்போனவர்கள் சிறு கூட்டமாக ஓடவிடும் போட்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நாய் மிரளுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

காமர்ஸில் நாங்கள் படிப்பதும் இதுதான். விற்ற தொகைக்கு மட்டும் கமிஷன் கொடுத்தால், சேல்ஸ்மேன் கண்டவருக்கெல்லாம் கடனில் தள்ளிவிடுவார். வசூல் யார் தலையிலோ!

அதற்காக வேகத்துக்கே மார்க் கொடுத்தாலும் தப்பு. தடத்தை விட்டுத் தாவும் நாய் ஜெயிக்கும். நடுவர் ஓரவஞ்சனை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. தடமும் பிசகாமல், முயலையும் நிற்கவிடாமல் ஓட்டும் நாய்க்கே பரிசு போகவேண்டும். இன்று போடும் மார்க்தான் நாளை பிறக்கும் குட்டி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?