மருந்தடித்தவர்களின் பிள்ளைகளுக்கு நச்சியல் வேண்டாமாம்!



நம் தோட்டப்புறத் தமிழில் 'மருந்தடித்தல்' என்றொரு சொல் உண்டு. புல்லைக் கொல்லவும் பூச்சியைக் கொல்லவும் தெளிக்கப்பட்ட கொடிய நஞ்சுக்கு நம்மவர்கள் இட்ட பெயர் 'மருந்து'! முதுகில் தொட்டியைச் சுமந்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகச் செம்பனை நிரைகளுக்குள் நடந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். நகம் நிறம் மாறி உதிர்ந்தபோதும் மூக்கில் குருதி வடிந்தபோதும் 'உடம்புச் சூடு' என்று சொல்லி மறுநாள் மீண்டும் தொட்டியைத் தூக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் வேதியியலும் உயிரியலும் படிக்கிறார்கள். அப்பிள்ளைகளிடம் 'நச்சியல் என்றொரு துறை உண்டு, அதில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெறலாம்' என்று சொல்வதற்கு நம்மிடையே ஆளில்லை. சொன்னாலும், 'அதெல்லாம் எதற்கு?' என்று கேட்பதற்குத்தான் ஆளிருக்கிறது.

இந்த 'எதற்கு'க்கு விடையாகவே இந்தப் பதிவு. சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்தருள்க.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வாய் விழுங்கினாலே உயிரைக் குடிக்கக்கூடியது. அதற்கென்று முறிமருந்து கிடையாது. நம் நுரையீரல் உயிரணுக்கள், தமக்கு வேண்டிய வேறொரு பொருளென மயங்கி, அந்த நஞ்சைத் தாமே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. சேர்ந்தபின் மூச்சுப்பையே தழும்பாகிவிடுகிறது. 2002இல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் வலையமைப்பும் தோட்டப் பெண்களின் நிலையை ஆய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டில் அரசு இக்களைக்கொல்லியைப் படிப்படியாகத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்ததோ 2020 சனவரி முதல் நாளில்தான். ஏறத்தாழப் பதினேழு ஆண்டு இழுபறி!

அந்தப் பதினேழு ஆண்டும் எதைப் பற்றிய வழக்கு? தோலின் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது, எத்தனை மணி நேரம் தெளித்தால் எவ்வளவு சேரும், கையுறை அணிந்தால் எவ்வளவு குறையும் என்பவை பற்றிய வழக்கு. இவை யாவும் நச்சியல் வினாக்கள். முழக்கமும் மறியலும் கதவைத் தட்ட உதவும். கதவு திறந்தபின் உள்ளே அமர்ந்து எண்களைப் பேச ஆள் வேண்டும்.

எண்கள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நஞ்சா இல்லையா என்பதை அளவே முடிவுசெய்கிறது என்பது 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சசு சொன்னது; நச்சியலின் அடித்தளம் அது. உணவில் ஒரு வேதிப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுப்பவர்கள், விலங்குகளில் தீங்கு எதுவும் தென்படாத மிகுதியான அளவைக் கண்டறிந்து, பொதுவாக அதனை நூறால் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து. மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து. கணக்கு எளிது. ஆனால் தோட்டத்தில் தெளிப்பவருக்கான கணக்கில், அவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்திருப்பார் என்றொரு எடுகோள் நுழைகிறது. நண்பகல் வெயிலில் அம்முகக்கவசத்தை எத்தனை நேரம் மாட்டியிருக்க முடியும்? தெளித்த உடையை யார், எந்த வாளியில், எவருடைய துணிகளோடு சேர்த்துத் துவைக்கிறார்கள்? கொள்கலனில் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் அந்த நிரையில் எத்தனை பேர்? காலியான கலன் எந்த வீட்டில் தண்ணீர்க் கலமாகிறது? ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்தவருக்கு இந்த வினாக்கள் எளிதில் தோன்றா. லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவற்றை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பல பின்னணி மாணவர்களை இத்துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை இரக்கத்தால் செய்யும் சலுகையாக நான் பார்க்கவில்லை. அவர்கள் வராவிட்டால் அறிவியலின் கணக்கே பிழைபடும். இது நமக்கு மட்டும் உரிய வாதமும் அன்று. பெல்டா குடியேற்றக்காரரின் பிள்ளைக்கும், பூர்வகுடிச் சிற்றூர்ப் பிள்ளைக்கும், சபா சரவாக் மீனவர் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இனி நம் வீட்டு நடப்புக்கு வருவோம். ஒவ்வோராண்டும் யூ.பி.யூ. முடிவுகள் வெளிவரும் நாளில் நம் புலனக் குழுக்களில் நடக்கும் ஒப்பாரி ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. மருத்துவம் கேட்ட பிள்ளைக்கு உயிர்மருத்துவ அறிவியலோ, வேதியியலோ, சுற்றுச்சூழல் நலவியலோ கிடைத்திருக்கும். வீட்டில் துக்கம். 'பரவாயில்லை, ஏதோ கிடைத்ததே' என்று உறவினர் ஆறுதல். பிள்ளையோ தோல்வியுற்றவளாகவே பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறாள். ஈராண்டு கழித்து, இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில், யாரைத் தேர்வது, எதற்குத் தேர்வது என்று அவளுக்குத் தெரியாது. பட்டம் பெற்றபின் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு. கதை முடிந்தது.

சில பெற்றோர் இதற்கும் ஒருபடி மேலே போய், நிலத்தை விற்றோ சேமநிதியை எடுத்தோ வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். திரும்பி வந்தபின் என்ன? 2016 முதல் அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டதையும், 2021 சூலை 26ஆம் நாள் அந்த ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றதையும் நாம் பார்த்தோமே! மருத்துவத்தை நான் இகழவில்லை. ஒரே வாசலில் ஓர் இனமே முண்டியடித்து நிற்பதைத்தான் சாடுகிறேன்.

சென்ற ஆண்டுகளில் நான் சென்று அமர்ந்த மேற்கல்வி வழிகாட்டிக் கருத்தரங்குகளில் ஒன்றைச் சொல்கிறேன். நடத்தியவர்களின் பெயர் வேண்டா. ஆறு சாவடிகள். அவற்றுள் நான்கு, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி முகவர்களுடையவை. ஐந்தாவது காப்புறுதி. ஆறாவதில் தேநீர்.

'ஐயா, நாங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறீரா?' என்று நண்பர்கள் கேட்பர். பேசத்தான் சொல்கிறேன், ஆனால் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அன்று, அவளுடைய அக்காளிடம். நம் மாணவர் குடும்பங்கள் பலவற்றில், அவர்களுக்கு நேரில் பழக்கமான பட்டதாரி யார்? நாம்தாம். இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியருக்கு அவர்களுடைய பெயர்கூட நினைவிராது. படிவம் நிரப்பவும், கடனுதவிக்குச் சான்றொப்பம் வாங்கவும், 'சார், எந்தப் படிப்பை முதலில் போடுவது?' என்று கேட்கவும் அவர்கள் நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வருகிறவளிடம் நமக்குத் தெரிந்த மூன்று தொழில்களை மட்டும் சொல்லி அனுப்பினால், அவளுக்கு உலகில் மூன்று தொழில்களே உள்ளன.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே இல்லை. உணவு மேசையிலேயே அவனுக்கு ஆய்வுக்கூடம் அறிமுகமாகிவிடுகிறது. மேற்படிப்புக்குள் நுழைவது பெரிதும் அறிமுகத்தால் நடக்கிறது. மதிப்பெண் அதற்கடுத்த படி. இதனை அமெரிக்கர்கள் உணர்ந்தார்கள். 1961இல் தோன்றிய அவர்களுடைய நச்சியல் கழகம், அறிவியல் துறைகளில் குறைவாகவே இடம்பெற்ற இனங்களைச் சேர்ந்த இளங்கலை மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பயண உதவி தந்து, தன் ஆண்டு மாநாட்டுக்கு அழைத்துவரும் திட்டத்தை 1989இல் தொடங்கிப் பல்லாண்டுக் காலம் நடத்தியது. மாநாட்டில் அம்மாணவர்களுக்கென்றே தனி அமர்வுகள். நச்சியல் என்றால் என்னவென்று தொடக்கத்திலிருந்து சொல்லும் உரைகள். உடன்வர மேற்படிப்பு மாணவர்கள். நேரில் பேசி ஐயம் தீர்க்க முதுகலைத் திட்டங்களை நடத்தும் பேராசிரியர்கள். பணக்கார நாட்டுக் கழகம்தான். ஆனாலும் அவர்கள் செய்ததன் சாரம் என்ன? கதவு இருக்குமிடத்தைக் காட்டினார்கள். அதற்கு நமக்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு பேருந்து போதும்.

பேருந்து எங்கே போகும் என்கிறீர்களா? பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. நஞ்சுண்டவருக்கு என்ன செய்வதென்று நாடெங்குமுள்ள மருத்துவர்கள் அழைத்துக் கேட்கும் இடம் அது. அதே பல்கலைக்கழகத்தில் கெத்தும் இலையை ஆராயும் போதைப்பொருள் ஆய்வு மையமும் உண்டு. தேசியப் பல்கலைக்கழகத்தின் நலவியல் புலத்தில் நச்சியலுக்கும் உடல்நல இடர் ஆய்வுக்கும் தனி மையம் உள்ளது. புத்ரா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், தொழில்சார் நலவியல் துறை உள்ளது.

வேலை? வேதியியல் துறையின் ஆய்வுக்கூடங்கள், மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், பூச்சிக்கொல்லி வாரியம், உணவுப் பாதுகாப்புப் பிரிவு, தனியார் ஆய்வகங்கள். 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உடல்நலத்துக்கு ஊறு செய்யும் வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முதலாளி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு இடர் மதிப்பீடு செய்தே ஆகவேண்டும். சட்டமே வேலையை உண்டாக்கி வைத்திருக்கிறது!

செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை மிகு வெப்பத்தில் தூய்மைப்படுத்தும்போது உருவாகும் மூன்று எம்சிபிடி என்னும் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021 சனவரி முதல் வரம்பு விதித்தது. செம்பனை எண்ணெயில் கிலோ ஒன்றுக்கு 2500 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது விலங்குகளின் சிறுநீரகத்தில் கண்ட மாற்றங்களைப் பற்றிய நச்சியல் ஆய்வு. நம் அப்பன்மார் குலை வெட்டிய எண்ணெய் விற்குமா விற்காதா என்பதை இன்று நச்சியலாளர்கள் எழுதும் எண் முடிவுசெய்கிறது. இத்துறையில் பிழைப்பில்லை என்கிறவர் எந்த உலகில் வாழ்கிறார்?

'நஞ்சோடு வேலை, பெண்பிள்ளைக்கு ஆபத்தாயிற்றே' என்று ஒரு தாயார் என்னிடம் கவலைப்பட்டார். அவருடைய மாமியார் பாதுகாப்பு எதுவுமின்றிப் பத்தாண்டு மருந்தடித்தவர். புகைப்போக்கிப் பெட்டியும் கண்ணாடிக் கவசமும் உள்ள ஆய்வுக்கூடம் ஆபத்து. தோட்டம் ஆபத்தில்லை போலும்!

ஆசிரிய நண்பர்களே, பாசிர் கூடாங்கை மறந்துவிட்டீர்களா? 2019 மார்ச்சு மாதம் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய வேதிக்கழிவின் ஆவியால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி வாந்தி எடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. காற்றில் பென்சீன், டொலுவீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரைல் முதலியவை இருந்ததாகக் கண்டறிந்தனர். இந்தப் பெயர்கள் ஊடகத்தில் வந்தபோது ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: 'பிள்ளைகள் எப்போது திரும்பி வரலாம்?' அந்தக் கேள்விக்கு விடை தரவேண்டியவர் நச்சியலாளர். எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம், முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை பெரியவரைவிடத் தன் எடைக்கு எவ்வளவு கூடுதலாகக் காற்றை இழுக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்பவர் அவர். அதைத் தமிழில் பெற்றோருக்கு விளக்கக்கூடிய ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆகவே, அறிவியல் படிக்கும் பழைய மாணவர் எவரேனும் தீபாவளிக்கு வீடு வந்தால், 'எப்போது முடியும், எவ்வளவு சம்பளம்?' என்று கேட்பதைச் சற்று ஒத்திவையுங்கள். எந்த ஆண்டில் படிக்கிறார் என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டென்றால் இன்னும் காலம் இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கு நச்சியல் ஆய்வகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு அத்துறை விரிவுரையாளரை இப்போதே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வு வழி முதுகலைக்குப் பொதுவாக 2.75 சராசரிப் புள்ளி கேட்கிறார்கள். நாலுக்கு நாலு தேவையில்லை. மேற்பார்வையாளரிடம் ஆய்வு மானியம் இருந்தால், ஆய்வு உதவியாளராக மாதப்படி பெற்றுக்கொண்டே படிக்க வாய்ப்புண்டு. நம் பெற்றோருள் பலருக்கு இச்செய்தியே புதிது. மேற்படிப்பு என்றால் இன்னொரு கடன் என்றே எண்ணியிருக்கிறார்கள்.

கருத்தரங்கு நடத்தும் சங்கத்தாருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முகவர் சாவடிகளில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் நச்சியல் முதுகலை மாணவர் ஒருவரை அமர்த்துங்கள்; எந்த இனத்தவராயினும் சரி. பேச்சாளர் கிடைக்கவில்லை என்ற சாக்கு வேண்டா. மேலே சொன்ன துறைகளின் இணையப் பக்கங்களில் விரிவுரையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் திறந்தே கிடக்கின்றன. மலாயில் நான்கு வரி எழுத நமக்குத் தெரியும்.