மோட் ஏபிகே நிஜமாவே இலவசமா? ஒரு ஆடிட்டர் போட்ட கணக்கு



போன வாரம் நம்ம சேனல்ல, சம்பளத்துல இருந்து சத்தமில்லாம ஆட்டோ டெபிட்ல போற பணத்தைப் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதைப் பார்த்துட்டு சோழிங்கநல்லூர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணா, பாட்டு ஆப்புக்கெல்லாம் யாராவது காசு கட்டுவாங்களா? மோட் ஏபிகே போட்டா விளம்பரமும் வராது, டவுன்லோடும் ஆகும். அந்தக் காசை எஸ்ஐபில போடலாமே. இதை ஏன் வீடியோல சொல்லல?"

முதல்ல அவர் கணக்கையே போட்டுப் பார்த்துடுவோம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்தப்போ பிரீமியம் மாசம் 119 ரூபாய். விலை அப்புறம் மாறியிருக்கு, கணக்குக்கு அதையே வெச்சுக்குவோம். மாசம் 119 ரூபாயை 10 வருஷம் எஸ்ஐபில போட்டு, வருஷத்துக்கு 12% வளருதுன்னு வெச்சா கையில வர்றது சுமார் 27,600 ரூபாய். சின்னத் தொகை இல்லை. தம்பி சொல்றதுல நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா இந்தக் கணக்குல ஒரு செலவு எழுதப்படவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒண்ணை ஒத்துக்கறேன். நானும் திருட்டு எம்பி3ல வளர்ந்த ஆள்தான். ஆர்ட்டிகல்ஷிப் பண்ணும்போது ஸ்டைபண்ட் 2,500 ரூபாய். படம் வர்றதுக்கு முன்னாடியே பாட்டெல்லாம் பென் டிரைவ்ல ஏறிடும். எந்தெந்த சைட்டுன்னு பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு நாள் அந்தப் பென் டிரைவை ஆடிட்டுக்குப் போன இடத்துல சிஸ்டத்துல சொருகினேன். கொஞ்ச நேரத்துல அங்கே இருந்த எக்செல் ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. மூணு நாள் வேலை போச்சு. சீனியர்கிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. அதனால உபதேசம் பண்ற இடத்துல நான் இல்லை.

இன்னொண்ணையும் சொல்லணும். ஜனங்க ஏன் இப்படி ஓசியில பாட்டு கேட்கப் பழகினாங்கன்னு பார்த்தா, தப்புல பாதி மியூசிக் கம்பெனிகள் பக்கம் இருக்கு.

1990களின் கடைசியில அமெரிக்காவுல ஒரு சிடி 15 டாலருக்கு மேல. புடிச்சது ஒரு பாட்டா இருந்தாலும் முழு ஆல்பத்தையும் வாங்கணும். பெரிய கம்பெனிகள் அஞ்சு, கடைக்காரங்க விலையைக் குறைச்சு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு வெச்சிருந்தாங்க. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2000ல இதை முடிவுக்குக் கொண்டுவந்தப்போ, மூணு வருஷத்துல மக்கள் 48 கோடி டாலர் வரைக்கும் அதிகமா கொடுத்திருக்கலாம்னு சொன்னது. அந்தச் சமயத்துலதான், 1999ல, நாப்ஸ்டர் வந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்டை நான் எடுத்துக்கலாம், என்கிட்ட இருக்கறதை நீங்க எடுத்துக்கலாம். காசு கிடையாது. அந்த வருஷம் டிசம்பர்லயே கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு, 2001ல நாப்ஸ்டர் மூடப்பட்டது. அதே மாதிரி வேற பத்து முளைச்சது.

2003ல இருந்து அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ பாட்டு இறக்கினவங்க மேலயே வழக்குப் போட ஆரம்பிச்சது. காலேஜ் பசங்க, அம்மாக்கள், 12 வயசுப் பொண்ணு ஒருத்தின்னு 2008 முடியறதுக்குள்ள சுமார் 35,000 பேர். பெரும்பாலானவங்க வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து சில ஆயிரம் டாலர் கட்டி முடிச்சுக்கிட்டாங்க. மினசோட்டாவுல ஒரு பெண் எதிர்த்து நின்னாங்க. கேஸ் 24 பாட்டுக்கு. முதல் ஜூரி சொன்ன நஷ்ட ஈடு 2,22,000 டாலர். இரண்டாவது விசாரணையில அது 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர் ஆச்சு. மூணாவதுல 15 லட்சம். நீதிபதி குறைச்சார், கடைசியில 2012ல மேல்கோர்ட் பழைய 2,22,000க்கே கொண்டுவந்து நிறுத்தினது.

ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். அதே பாட்டு அன்னிக்கு ஐடியூன்ஸ் கடையில 99 சென்ட். 24 பாட்டும் சேர்த்து 24 டாலர்கூட வராது. அவங்க பகிர்ந்ததை எத்தனை பேர் எடுத்திருப்பாங்கன்னு கணக்குல வரும்னு கம்பெனி தரப்புல சொன்னாங்க. சரி, ஆனா இந்த இடத்துல ஆடிட்டரா எனக்கு ஒரு முரண்டு உண்டு. ஓசியில இறக்கின ஒவ்வொரு பாட்டும் "விற்காம போன ஒரு பாட்டு"ன்னு நஷ்டமா எழுதினா, எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். 2,500 ரூபாய் ஸ்டைபண்ட்ல 400 பாட்டு வெச்சிருந்த நான், ஓசி இல்லைன்னா 400 பாட்டையும் காசு கொடுத்து வாங்கியிருப்பேனா? பத்து வாங்கியிருந்தா பெருசு.

இதைவிடக் கூத்து 2005ல நடந்தது. சோனி பிஎம்ஜி, சில சிடிகள்ல காப்பி அடிக்க முடியாதபடி ஒரு மென்பொருளை வெச்சு வித்தது. சிடியைக் கம்ப்யூட்டர்ல போட்டா அது சொல்லாம கொள்ளாம உள்ளே போய் ஒளிஞ்சுக்கும். அந்த ஓட்டையில வைரஸ்களும் ஒளிய ஆரம்பிச்சது. காசு கொடுத்து வாங்கினவன் கம்ப்யூட்டர் கெட்டது, ஓசியில இறக்கினவன் கம்ப்யூட்டர் நல்லா இருந்தது! கடைசியில சிடிகளைத் திரும்ப வாங்கி, வழக்குகளையும் சமரசம் பண்ணி முடிச்சாங்க.

அப்போ நிலைமையை மாத்தினது எது? என் கணிப்புல, விலையும் வசதியும்தான். 2003ல ஐடியூன்ஸ் ஒத்தைப் பாட்டை 99 சென்டுக்கு வித்தது. 2009ல அந்தப் பாட்டுகள் மேல இருந்த பூட்டையும் எடுத்தாங்க. அப்புறம் ஸ்ட்ரீமிங். ஐஎஃப்பிஐ, அதாவது உலக ரெக்கார்டிங் கம்பெனிகளின் கூட்டமைப்பு, தர்ற கணக்குப்படி 1999ல சுமார் 2,200 கோடி டாலரா இருந்த வருமானம், 2014ல சுமார் 1,300 கோடிக்கு விழுந்து, 2023ல 2,860 கோடிக்கு ஏறியிருக்கு. கோர்ட்டுக்கு அலைஞ்ச வருஷமெல்லாம் இறங்கு முகம். மாசச் சந்தா பரவினப்புறம் ஏறு முகம்.

(பணவீக்கத்தைச் சேர்க்காம எந்தக் கணக்கையும் நம்பாதீங்கன்னு நானே வாரா வாரம் கத்துறேன், இதை மட்டும் எப்படி விடறது? 1999ன் 2,200 கோடி டாலர், 2023 விலைவாசியில சுமார் 4,000 கோடிக்குச் சமம். "மீண்டு வந்துட்டோம்"னு கம்பெனிகள் சொன்னாலும், பொருளோட மதிப்புல இன்னும் பழைய இடத்துக்கு வரலை.)

நம்ம ஊர்லயே ஒரே படத்துல ரெண்டு விதமும் நடந்திருக்கு. 2011 நவம்பர்ல "3" படத்தோட கொலவெறி பாட்டு, முடியாத நிலையிலயே நெட்ல கசிஞ்சது. அவங்க என்ன பண்ணாங்க? ரெக்கார்டிங் ஸ்டுடியோ வீடியோவோட அதிகாரப்பூர்வமா யூடியூப்ல விட்டுட்டாங்க. யாரும் திருட வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. அது எங்கெங்கே போய்ச் சேர்ந்ததுன்னு நான் சொல்லணுமா என்ன? அதே படம் 2012 மார்ச்சுல ரிலீஸ் ஆகறப்போ, தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு தடை வாங்கினது. யார் திருடுவாங்கன்னு முன்கூட்டியே தெரியாதுல்ல, அதனால "அசோக் குமார்"னு ஒரு கற்பனைப் பேரைப் போட்டு ஆர்டர்! அதைக் காட்டி இன்டர்நெட் கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன் மாதிரி முழு சைட்டுகளையே அடைச்சாங்க. சொந்த வீடியோ ஏத்தி வெச்சிருந்த அப்பாவிகளும் மாட்டிக்கிட்டாங்க. ஜூன்ல கோர்ட்டே, குறிப்பிட்ட லிங்கை மட்டும்தான் அடைக்கணும்னு தெளிவுபடுத்தினது.

இப்போ நம்ம தம்பிக்கு வர்றேன். "சிடி விலை அநியாயம், நம்ம ஊர்ல கிடைக்கவும் கிடைக்காது"ன்னு அன்னிக்கு எனக்குச் சொல்ல ஒரு சாக்கு இருந்தது. உங்களுக்கு அது இல்லை. காசு கொடுக்க மனசில்லையா, விளம்பரத்தோட சட்டப்படியே இலவசமா கேட்கலாம். நடுவுல வர்ற அரை நிமிஷ விளம்பரம்தான் விலை. அந்த அரை நிமிஷத்தைத் தவிர்க்கத்தான் நீங்க மோட் ஏபிகே போடறீங்க.

என் பென் டிரைவ் கெடுத்தது மூணு நாள் எக்செல் வேலையை. உங்க ஃபோன்ல இருக்கறது சம்பள அக்கவுன்ட், யூபிஐ, மியூச்சுவல் ஃபண்ட், டிமேட், ஓடிபி வர்ற சிம். மோட் ஏபிகேன்னா, யாரோ முகம் தெரியாத ஒருத்தர் பிரிச்சு, மாத்தி, திரும்பக் கட்டின ஆப். எல்லாத்துலயும் விஷம் இருக்குன்னு நான் சொல்லலை. எதுல இருக்குன்னு உங்களாலயும் என்னாலயும் கண்டுபிடிக்க முடியாது. எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி, அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும்போது கண்ணை மூடிட்டு "அலவ்" அமுக்கினீங்கன்னா, வீட்டுச் சாவியையே கொடுத்த மாதிரி.

அப்புறம் பணம் போச்சுன்னா பேங்க் தரும்னு நினைக்காதீங்க. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் அலட்சியத்தால நடந்த இழப்பு, பேங்குக்குத் தகவல் சொல்ற வரைக்கும் வாடிக்கையாளர் தலையிலதான். சட்டமும் இருக்கு: காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிஞ்சே பயன்படுத்தினாலே குற்றம்னு சொல்லுது. லாப நோக்கம் இல்லைன்னா சிறை இல்லாம 50,000 ரூபாய் வரை அபராதத்தோட கோர்ட் விடலாம். உங்க கதவைப் போலீஸ் தட்டும்னு நான் பயமுறுத்தலை, நடைமுறையில அது அபூர்வம். ஆனா 10 வருஷத்துல 27,600 ரூபாய் மிச்சம் பிடிக்க, அக்கவுன்ட்ல இருக்கற மொத்தத்தையும் பந்தயம் வைக்கிறது எந்த ஊர் முதலீடு?

"காசு கட்டினா மட்டும் பாடினவருக்கா போகுது?"ன்னு அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நீங்க கட்டற சந்தா, நீங்க கேட்ட பாடகருக்கு நேரா போறதில்லை. பெரும்பாலான ஆப்கள்ல எல்லார் பணமும் ஒரே உண்டியல்ல விழும். மொத்தமா கேட்கப்பட்டதுல யாருக்கு எத்தனை சதவீதமோ, அந்தப்படி பிரியும். மாசம் முழுக்க நீங்க ஒரு சின்ன இண்டி பேண்டை மட்டுமே கேட்டாலும், உங்க காசுல பெரும்பகுதி பெரிய ஹிட்டுகளுக்குத்தான் போகும். 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல 12 மாசத்துல 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. இது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். ஆனா மோட் ஏபிகேல கேட்டா அந்தச் சின்னப் பங்குக்கும் உத்தரவாதம் இல்லை. இன்னொரு பக்கம், 2012ல நம்ம காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டப்புறம், சினிமாப் பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வர்ற ராயல்டியில, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உரிமை இருக்கு. முன்னெல்லாம் மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்துட்டுப் போறதுதான் வழக்கம். உங்களுக்கு ஒரு சின்ன பேண்டு நிஜமாவே புடிச்சா, அவங்க நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குங்க, இல்லைன்னா பேண்ட்கேம்ப்ல நேரா வாங்குங்க. அங்கே டிஜிட்டல் விற்பனைக்கு 15%தான் கமிஷன்.

அதுக்காகக் கண்ட ஆப்புக்கும் சந்தா கட்டச் சொல்லலை. சந்தாங்கறது வாடகை. நிறுத்தினா பாட்டு போயிடும், ஆப்பை மூடினாலும் போயிடும். விங்க் 2024ல கதவடைச்சதைப் பார்த்தோம். அதனால ஒரே ஒரு ஆப் போதும். வீட்டுல நாலு பேர் கேட்டா ஃபேமிலி பிளான்ல தலைக்கு விலை குறையும். ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அதை ஸ்பேம்னு தள்ளிடாதீங்க. மூணு மாசமா திறக்காத ஆப்பை அன்னிக்கே நிறுத்திடுங்க.

தம்பி, இதைப் படிச்சீங்கன்னா அந்த ஆப்பை இன்னிக்கே எடுத்துடுங்க. அனுமதி பட்டியல்ல அக்சஸிபிலிட்டி யாருக்கெல்லாம் கொடுத்திருக்கீங்கன்னு பாருங்க. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை அதே ஃபோன்ல மாத்தாம, வேற ஒரு சுத்தமான சிஸ்டத்துல மாத்துங்க. ஃபோனை ரீசெட் பண்ணிட்டு யூபிஐ பின்னையும் மாத்திடுங்க. தெரியாத டெபிட் ஏதாவது ஏற்கெனவே இருந்தா முதல்ல பேங்குக்கும், உடனே 1930க்கும் ஃபோன் போடுங்க. எஸ்ஐபி பத்தி அடுத்த வாரம் பேசுவோம்.