எது மூலம்?

போர் முடிந்தால் சிப்பாய் ஊர் திரும்புவான். துப்பாக்கி ஏலத்துக்குப் போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லட்சக்கணக்கான ராணுவத் துப்பாக்கிகள் அப்படித்தான் அமெரிக்கச் சந்தையில் வந்து குவிந்தன. தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடும். 1963இல் கென்னடியைச் சுட்டதும் இப்படித் தபாலில் வாங்கிய இத்தாலிய ராணுவச் சரக்குதான். 1968இல் சட்டம் போட்ட பிறகே அந்தத் தபால் வியாபாரம் நின்றது.

வாங்கியவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது மான் வேட்டைக்கு ஒரு மலிவுத் துப்பாக்கி, சரித்திரம் அல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு, குழலின் நுனிவரை மரத்தைப் போர்த்திக்கொண்டு சுமார் நான்கு கிலோ கனக்கும். முன்பாதி மரத்தை ரம்பம் வைத்து அறுத்தார்கள். பயனெட் மாட்டும் முனைக் கவசத்தைக் கழற்றி எறிந்தார்கள். குழலைக் குறைத்தார்கள். தொலைநோக்கி பொருத்த எஃகில் துளை போட்டார்கள். உள்ளூர்ப் பட்டறைகள் மட்டுமல்ல, பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் போன்ற பெயர்பெற்ற கம்பெனிகளும் இப்படி மாற்றி விற்றன.

இப்போது கதை தலைகீழ். பழைய உருவத்துக்குத்தான் மதிப்பு. அறுத்ததை ஒட்டவைக்க முனைந்திருக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். தேர்ந்த கைவேலைக்காரர், உடைந்த இன்னொரு துப்பாக்கியின் மரத்திலிருந்து துண்டு எடுத்து, இரும்புப் பட்டைக்கு அடியில் இணைப்பு மறையும்படி ஒட்டுவார். ஆளிவிதை எண்ணெய் பூசுவார். உப்புத்தாளைத் தொடமாட்டார், தேய்த்தால் மரத்தில் குத்தியிருக்கும் முத்திரைகள் அழிந்துவிடும். எஃகில் போட்ட துளையை அடைக்கலாம். போடாததாக ஆக்க முடியாது.

ஆனால் எதுவரை பின்னோக்கிப் போவது? கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் நூறாண்டுக்கு முன்பே இந்த ரகம் தயாரானது. அங்கிருந்து வெளிநாடு போனவற்றில் சில, முன்மரத்தின் மீது கம்பி சுற்றியவை. விவரம் தெரியாதவருக்கு உடைசலுக்குக் கட்டுப் போட்டதுபோலத் தோன்றும். உண்மையில் குண்டு ஏவும் துப்பாக்கிகளுக்குப் பலம் சேர்க்கச் சுற்றியது அது. பழையபடி ஆக்குகிறேன் என்று கம்பியைப் பிரித்தால் போச்சு.

இன்னொரு ரகம் 410 மஸ்கட். அதே 303 துப்பாக்கிதான். ஆனால் குழலின் உள்வரிகளை நீக்கி, பத்துத் தோட்டா கொள்ளும் கூட்டை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போடும்படி செய்தார்கள். காவல் பணிக்கான ஆயுதம் இது. சுதேசிக் காவலன் கையில் ராணுவத்துக்கு ஈடான துப்பாக்கி இருப்பதை ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. 1857ஐ அது மறக்கவே இல்லை. இதை மறுபடி 303 ஆக்கினால், அரசின் அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியாக நின்ற பொருள் காணாமல் போகும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. இடைச்செருகலை நீக்கத்தான் வேண்டும். ஆனால் நல்ல பதிப்பாசிரியர் நீக்கியதையும் பாடபேதத்தையும் அடிக்குறிப்பில் காட்டுவார். வாசகர் தாமே தீர்மானிக்கலாம். துப்பாக்கி மீட்பிலும் அந்த ஒழுங்கு வேண்டும். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, மரம் எங்கே ஒட்டப்பட்டது என்று எழுதிவைத்து, விற்கும்போது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அசல் விலைக்கு விற்றால் அது மீட்பு அல்ல, மோசடி.

இந்தியாவில் தனியார் கைக்கு 303 எளிதில் வராது. அது தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் பொதுமக்களுக்கான அரசு வேட்டைத் துப்பாக்கி, அதே இயங்குமுறையோடு 315 அளவில் வந்தது. ஆகவே இங்கே பாதுகாப்பதும் பாழாக்குவதும் அரசின் பொறுப்பு. 2020 குடியரசு தினத்தோடு உத்தரப் பிரதேச போலீஸ் 303க்கு விடைகொடுத்தது. பல தலைமுறைக் காவலர்களின் தோளில் கிடந்த ஆயுதம் அது. அவற்றில் சிலவாவது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். போகுமுன் எந்த அதிகாரியும் பாலிஷ் போடச் சொல்லாதிருக்க வேண்டும். கீறல், மாற்றிய திருகாணி, பெயிண்டில் எழுதிய எண் எல்லாம் அப்படியே இருக்கட்டும். 1914ஆம் ஆண்டுக் கோலத்தில் லீ-என்ஃபீல்டு பார்க்க லண்டன் இருக்கிறது. நம்மூர் ஏட்டு சுமந்த துப்பாக்கியை நாம் வைத்திருந்தால்தான் உண்டு.