காவற்பரணுக்கு ஏறும் பாதை

பள்ளிச் சுற்றுலா என்றதும் நம் பெற்றோர்களின் நினைவுக்கு வருவன பேருந்து, விலங்குக் காட்சிசாலை, பேரங்காடி ஆகியவையே. மாணவர்களைக் கூட்டமாக ஒரு மலைக்கு நடத்திச் செல்லலாம் என்று எவரேனும் கூறிவிட்டால், "கால் வலிக்கும், அட்டை கடிக்கும், பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்னும் மறுப்புகள் உடனே எழுகின்றன. அவை அன்பினால் எழுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை சரியானவை அல்ல என்பதே என் கருத்து. தொலைவிலுள்ள ஒரு மலையை இதற்குச் சான்றாகக் காட்ட விரும்புகின்றேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைத் தேசியப் பூங்கா உள்ளது. அங்கே பிரிமாண்ட் என்னும் மலைமுகட்டில் 1934ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தீக்காவற்பரண் ஒன்று இன்றும் நிற்கின்றது. காட்டில் எங்கேனும் புகை எழுகின்றதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்காக அமைக்கப்பட்ட மரக்கூடு அது. நம் முன்னோர் தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி ஓட்டினர் அல்லவா? அதனைப் போன்றதே, காத்த பொருள்தான் வேறு.

1910ஆம் ஆண்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காட்டை அழித்தது. அதன்பின்னரே, தீயைச் சிறு புகையாக இருக்கும்போதே கண்டுவிட வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, மலையுச்சிகளில் பரண்கள் பெருகின. காவலர் புகையைக் கண்டதும், வட்டமான வரைபடத்தைச் சுற்றிச் சுழலும் வளையத்தின் வழியாக அதனைக் குறிபார்த்துக் கோணத்தைக் கணிப்பார். மற்றொரு பரணிலிருந்தும் கோணம் கிடைத்தால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ இருக்கும். மாணவர்களே, நீங்கள் வகுப்பில் சலிப்போடு எடுத்து வைக்கும் கோணமானி காட்டையே காத்த கதை இது!

பிரிமாண்ட் பரணுக்குச் செல்லும் பாதை மிகக் கடினமானதன்று. 6,400 அடி உயரத்திலுள்ள சன்ரைஸ் என்னும் இடம்வரை வண்டி செல்லும். அங்கிருந்து பரண் 7,181 அடி உயரத்தில் உள்ளது. போகவர ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நடக்கப் பழகிய சிறுவர்கள் ஒரே பகலில் சென்று திரும்பலாம். புல்வெளியில் கால் வைக்கக்கூடாது, பாதையிலேயே நடத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. குளிர்நாட்டு மலையில் மிதிபட்ட செடி மீண்டும் தழைக்கப் பல்லாண்டுகள் ஆகும். எதிரே 14,410 அடி உயரமுள்ள ரெய்னியர் பனிமலை.

பெண்பிள்ளைகள் பற்றிய மறுப்புக்கு வருவோம். கலிபோர்னியா மாநிலத்தில் ஹாலி டாகெட் என்னும் பெண்மணி 1913ஆம் ஆண்டில் எடி கல்ச் என்னும் பரணில் காவற்பணி ஏற்றார். அந்நாட்டு வனத்துறையில் அப்பணிக்கு அமர்த்தப்பட்ட முதற்பெண் அவரே. தனிமைக்கு அஞ்சி விரைவில் இறங்கிவிடுவார் என்று எண்ணியவர்கள் உண்டு. அவரோ 1927 வரை கோடைதோறும் அப்பணியைச் செய்தார்! தினைப்புனம் காத்தவளும் பெண்தான் என்பதை நாம் எப்படி மறந்தோம்?

துணைக்கோள்கள் தீயைக் கண்காணிக்கும் இக்காலத்தில் மலையேறிப் பார்ப்பானேன் எனச் சிலர் கேட்கலாம். 2015ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் புகைமூட்டத்தால் நம் பள்ளிகள் மூடப்பட்டபோது துணைக்கோள்கள் வானில் இருந்துகொண்டுதான் இருந்தன. கருவி காட்டும், அக்கறை கொள்ள வேண்டியவன் மனிதன். தன் தோட்டத்தையும் ஆற்றையும் ஒருமுறையேனும் உயரத்திலிருந்து கண்ட பிள்ளைக்கு, எங்கோ எழும் புகை அயலார் செய்தியாகத் தோன்றாது.

கூட்டமாக நடப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. வகுப்பில் முதல் மாணவனே பேசப்படுகின்றான். மலைப்பாதையிலோ கடைசியில் வருபவனே அனைவரின் வேகத்தையும் முடிவு செய்கின்றான். அவனுக்காக மற்றவர் நிற்கின்றனர். தேர்வுப் பட்டியலில் என்றும் கீழே இருக்கும் பிள்ளை, முன்னால் நடந்து பிறருக்குக் கை கொடுப்பதும் அங்கே நிகழக்கூடும்.

ஆதலால் பெற்றோர்களே, அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வரும்போது உடனே மறுக்காதீர்கள். ஆசிரியரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். வரிசையின் இறுதியில் வரும் பெரியவர் யார்? எத்தனை மணிக்கு, உச்சியை எட்டாவிடினும், திரும்பிவிடுவீர்கள்? மழை வந்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தண்ணீர்? தெளிவான விடை கிடைக்குமாயின் கையொப்பம் இடுங்கள். கிடைக்காவிடின், கிடைக்கும்வரை கேளுங்கள்.