சொக்க வெள்ளிக் கொலுசு

"கலப்பே கூடாது. சொக்க வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும்!" என்று என் அக்கா ஒரே பிடிவாதமாக இருந்தாள். அவள் பெண்ணுக்கு ஆண்டு நிறைவு. அம்மா, தன் கல்யாணக் கொலுசையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அக்கா அதைக் கடையில் போட்டு, 999 கட்டி வெள்ளியாக மாற்றி, ஒரு பட்டறையில் குழந்தைக்குக் கனமாகவே ஒரு ஜோடி செய்து வாங்கினாள்.

பத்தே நாள்! வளையங்கள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன. கடற்கரைக்குப் போய் வந்த ஒரு சாயங்காலம் பார்த்தால், குழந்தையின் ஒரு கால் வெறுங்கால். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அக்காவை அதிகமாகச் சுட்டது.

மிஞ்சிய ஒற்றைக் கொலுசை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பழக்கமான ஆசாரியிடம் போனோம். அவர் அதை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு வளைந்துகொடுத்தது.

"சுத்த வெள்ளி பெட்டியில் இருக்கச் சரி, அம்மா. ஓடுகிற காலுக்கு ஆகாது. செம்பு சேர்ந்தால்தான் அதற்குத் தெம்பு!"

"அது கலப்படம் இல்லையா?" என்றாள் அக்கா.

"வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் பன்னிரண்டு பங்குக்குப் பதினொரு பங்குதானே வெள்ளி? அதை யாராவது கள்ள ரூபாய் என்றார்களா?"

ஆசாரி சொன்னது சரிதான். 1835-ஆம் ஆண்டு ரூபாயின் கணக்கு அது. 1940-இல்தான் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். நகைக்கு உலகமெங்கும் வழங்கும் கணக்கு 925. ஆயிரம் பங்கில் 925 வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. இதற்குத்தான் 'ஸ்டெர்லிங்' என்று பெயர்.

ஆனால் செம்பிலும் ஒரு தொல்லை உண்டு. தீயில் காய்ச்சும்போது காற்றிலுள்ள பிராணவாயு உள்ளே புகுந்து, செம்பைப் பிடித்துக்கொள்ளும். மெருகு போட்ட பிறகும் மேகம் படர்ந்தாற்போல் ஒரு சாம்பல் நிறக் கறை தெரியும். அராவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே முலாம் பூசி மறைக்க வேண்டும். காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுப்பதும் செம்பு சேர்ந்த வெள்ளியில் சீக்கிரம் நடக்கும். ஆகையால், கொலுசு கறுத்ததும் "போலி!" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். சுத்த வெள்ளியும் கறுக்கும்; கொஞ்சம் நிதானமாகக் கறுக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தொல்லைக்கு 1990-களில் இங்கிலாந்தில் ஒரு வழி பிறந்தது. மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜான்ஸ் என்பவர், செம்பில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு ஜெர்மானியம் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தார். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாகப் படிந்து செம்பைக் காக்கிறது. கறை படிவதில்லை; கறுப்பதும் தாமதமாகிறது. 'ஆர்ஜென்டியம்' என்று அதற்குப் பெயர்.

"என் பையன் அதில் வேலை செய்கிறான்" என்றார் ஆசாரி. "நல்ல சரக்குதான். ஆனால் செக்கச் சிவந்திருக்கும்போது தொட்டால் உடைந்துவிடும். சிவப்பு அடங்கும்வரை பொறுக்க வேண்டும். என் கைக்குப் பழகியது செம்புதான்."

நமக்கு இதில் என்ன பாடம்? வெள்ளி வாங்கும்போது "சுத்தமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை பங்கு வெள்ளி? மற்றது என்ன?" என்று கேளுங்கள். 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளியே கிடையாது; செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. பற்றவைக்கும் பொடியில் கேட்மியம் உண்டா என்றும் விசாரியுங்கள். தங்க நகையில் 'கே.டி.எம்.' என்று கேட்டுப் பழகிய அதே சரக்குதான். அதன் புகை, பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணுமான அடையாளக் குறி வந்திருக்கிறது. கட்டாயம் என்று வைக்காமல், விருப்பமுள்ளவர்களுக்கு என்றுதான் தொடங்கினார்கள். அதனால் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

ஆசாரி ஒற்றைக் கொலுசைத் தராசில் வைத்தார். பதினெட்டரை கிராம்.

"ஒன்றரை கிராம் செம்பு போட்டால் இருபது கிராம். கணக்காக 925. சேதாரம் போக, மெல்லிசாக ஒரு ஜோடி தேறும்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒற்றையிலிருந்து ஜோடியா!"

போன வெள்ளிக்கிழமை அம்மாவே அதைப் பேத்தியின் காலில் பூட்டினாள். கலப்பதில் குற்றமில்லை, எவ்வளவு கலந்தது என்பதை மறைப்பதில்தான் குற்றம். குழந்தை வீடு முழுக்க ஓடுகிறாள்; இரண்டு காலிலும் சத்தம் கேட்கிறது.